காரணம் சொல்லாத பேய்: அக்டோபர் 31 இரவுக்குச் சில படங்கள்

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்கள் நாலு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். ஹாலோவீன் என்ற சாக்கில் பேய்ப்படம் பார்ப்பதாகத் திட்டம். அம்மாவும் எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கையும் பத்து மணி வரை கூட உட்காருவார்கள். காஞ்சனா, அரண்மனை வரிசையெல்லாம் பார்த்துச் சிரித்து முடித்தாயிற்று. நிஜமாகவே பயமுறுத்தும் படம் எது? இனிமேல் வரப்போவதில் எதற்குக் காத்திருக்கலாம்?"

நீங்கள் சிரித்து முடித்ததில் ஆச்சரியமே இல்லை, தம்பி. நம் பேய்ப்படங்களுக்கு ஒரு தேய்ந்த தடம் இருக்கிறது. முதல் பாதியில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், கண்ணாடியில் யாரோ நிற்பார்கள். இடைவேளைக்கு அப்புறம் முன்கதை. அந்தப் பேய் உயிரோடு இருந்தபோது யார் ஏமாற்றினார்கள், எந்த நிலத்தைப் பிடுங்கினார்கள், எப்படிக் கொன்று புதைத்தார்கள் என்று முழுசாகச் சொல்லிவிடுவார்கள். அதைப் பார்த்த நொடியிலிருந்து நாம் பேயின் கட்சி. 2011இல் வந்த காஞ்சனாவில் சரத்குமார் நடித்த திருநங்கையின் முன்கதை இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது முடிந்த பிறகு படத்தில் பயம் என்று ஒன்று மிச்சமில்லை. வில்லனுக்கு எப்போது விழும் என்றுதான் தியேட்டரே காத்திருக்கும்.

இதை லாரன்ஸ் மேலோ சுந்தர்.சி மேலோ மட்டும் போட்டுப் பயனில்லை. அநியாயமாகச் செத்தவரைச் சாமியாக்கிக் கும்பிடுவது நம் மண்ணின் பழக்கம். மதுரைவீரன், காத்தவராயன் எல்லாம் அப்படி வந்த சாமிகள்தாம். கொல்லப்பட்டவருக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டால் அவர் நமக்குக் காவல். சினிமாக்காரர்கள் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

அதிலும் வேலூர்க்காரர்களை முகத்தைக் காட்டிப் பயமுறுத்துவது ரொம்பக் கஷ்டம். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரைக்குப் போயிருப்பீர்கள். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்மனின் தலை, போடுகிற சோற்றையெல்லாம் தானே தின்றுகொண்டிருந்ததாம். அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றைச் சூறை விட, அதைப் பொறுக்க அந்தக் கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியதாம். அப்போது அவள் அதைக் காலால் மிதித்து அடக்கினாள் என்பது கதை. யோசித்துப் பாருங்கள், இதைவிடப் பயங்கரமான திரைக்கதையை எந்த ஊரில் எழுதிவிட்டார்கள்? அதை நாம் பட்டப்பகலில், குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கிறோம். உடம்பெல்லாம் நீலச் சாயமும் நீட்டிய சிவப்பு நாக்குமாகக் காளி வேஷம் கட்டியவர், ஆட்டம் ஓய்ந்ததும் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாயம் கலையாமல் உதட்டைக் குவித்து டீ குடிப்பார். பக்கத்தில் நிற்கும் பையன் அவர் சூலத்தைத் தொட்டுப் பார்ப்பான். இப்படி வளர்ந்தவனுக்குத் திரையில் வெள்ளைப் பவுடர் அப்பிய முகம் திடீரென்று வந்தால் காது வேண்டுமானால் வலிக்கும்.

ஆகவே நான் படம் பொறுக்குவதற்கு வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. பேய் ஏன் வந்தது என்பதைப் படம் எப்போது சொல்கிறது? எவ்வளவு தள்ளிப்போடுகிறதோ அவ்வளவு நல்லது. சொல்லாமலே விட்டுவிட்டால் இன்னும் நல்லது. கூடவே, பயம் பாழடைந்த பங்களாவில் இல்லாமல் நம் வீட்டிலும் இருக்கிற ஏதாவது ஒரு பொருளில் இருக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் பொருந்தி, அம்மாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய படம் யாவரும் நலம். 2009இல் வந்தது, விக்ரம் குமார் இயக்கியது, பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. ஒரு கூட்டுக்குடும்பம் கடன் வாங்கிப் பதின்மூன்றாவது மாடியில் புது ஃப்ளாட்டுக்குக் குடிவருகிறது. மாதவன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. அவர் செல்போனில் எடுக்கும் அவருடைய படம் அந்த வீட்டுக்குள் மட்டும் கோணலாக விழும். பால் திரிந்துபோகும். மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கும் டிவி தொடரில் வருகிற குடும்பத்துக்கு என்ன நடக்கிறதோ, அதுதான் இந்தக் குடும்பத்துக்கும் நடக்கிறது. அதைக் கவனிப்பவர் மாதவன் ஒருவர்தான். பேய் வருகிற இடம் சீரியல்! பயப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நம்மை உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை இறுக்கும் படம். காரணம் ரொம்பத் தாமதமாகத்தான் வெளிப்படும், அதற்குப் பிறகும் ஒரு திருப்பம் பாக்கி இருக்கும். கொலைக் காட்சிகள் வருகிற இடத்தில் தங்கை கண்ணை மூடிக்கொள்ளட்டும். ஏழு மணிக்குப் போட்டால் பத்து மணிக்குள் முடிந்துவிடும். மறுநாள் மத்தியானம் அம்மா டிவி போடும்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

தங்கைக்கென்று தனியாக வேண்டுமானால் கோரலைன். 2009இல் ஹென்றி செலிக், பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த ஸ்டாப் மோஷன் படம். வீட்டுச் சுவரில் இருக்கும் சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குப் பதில் பட்டன் தைத்த இன்னொரு அம்மா காத்திருக்கிறாள். பொம்மைப் படம்தானே என்று பெரியவர்கள் அலட்சியமாக உட்கார்ந்தால் தங்கையைவிட அதிகம் நெளிவார்கள். சனிக்கிழமை பகலில் பார்க்கட்டும்.

அம்மா பழைய படம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், ஸ்ரீதரின் நெஞ்சம் மறப்பதில்லை, 1963. மறுபிறவிக் கதை. பேய்ப்படம் என்று கறாராகச் சொல்ல முடியாது, ஆனால் பாழடைந்த ஜமீன் மாளிகைக்குள் அந்தத் தலைப்புப் பாட்டு ஒலிக்கும்போது முதுகில் ஏறுகிற சில்லிப்பு அறுபது வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஒளிப்பதிவு செய்த ஏ.வின்சென்ட்தான் அடுத்த வருஷமே மலையாளத்தில், வைக்கம் முகம்மது பஷீரின் எழுத்தில், பார்கவி நிலையத்தை இயக்கினார். தென்னிந்தியப் பேய்ப்படத்தின் நிழலும் வெளிச்சமும் பெரும்பாலும் இந்த ஒரு மனிதரின் கண்ணிலிருந்து வந்தவை என்பது என் கட்சி. 1966இல் வந்த 'யார் நீ' படமும் உண்டு. அதில் சுசீலா பாடிய 'நானே வருவேன்' அம்மாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பாட்டுக்காக மட்டும் பார்த்தாலே போதும்.

பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு பார்க்க முதலில் டிமான்ட்டி காலனி, 2015. அஜய் ஞானமுத்துவின் முதல் படம், அருள்நிதி நடித்தது. வெட்டியாகச் சுற்றும் நாலு பசங்கள் குடித்துவிட்டு ஒரு பாழ் பங்களாவுக்குள் போகிறார்கள். ஒருவன் அங்கிருந்து ஒரு நகையை எடுத்து வருகிறான். அப்புறம் அவர்கள் வாடகை அறையே அவர்களுக்குச் சிறை. படத்தின் கெட்டிக்காரத்தனம், பங்களாவில் பயமுறுத்தாமல் அந்த அறைக்குள் பயமுறுத்துவதில் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு டிவி, ஒரு பாத்ரூம், அவ்வளவுதான் இடம். நண்பர்கள் கூட்டமாகப் பார்க்க வேண்டிய படம், ஏனென்றால் படத்தில் இருப்பதும் உங்களைப் போன்ற கூட்டமே. சென்னை ஆழ்வார்பேட்டையில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு காலனி இருக்கிறது என்பதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள், முன்னாடி வேண்டாம். 2024 சுதந்திர தினத்துக்கு வந்த இரண்டாம் பாகம் பெரிசாக, பரபரப்பாக இருக்கும். எனக்கு முதல் பாகத்தின் இறுக்கம்தான் பிடித்தது.

இரண்டாவதாகப் போட, கூட்டம் அமைதியாக இருந்தால் மட்டும், மலையாளத்தில் பூதகாலம். ராகுல் சதாசிவன் இயக்கி 2022இல் நேராக சோனி லிவ்வில் வந்தது. பாட்டி இறந்துபோன வீட்டில் அம்மா ரேவதி, வேலை கிடைக்காத மகன் ஷேன் நிகம். வீட்டில் ஏதோ இருக்கிறதா, அல்லது இவர்கள் இருவருக்கும் மனசு சரியில்லையா? ரொம்ப நேரத்துக்குப் படம் பிடி கொடுக்காது. பேய் பாட்டுக்கு இருக்கட்டும், அந்த அம்மாவும் மகனும் சாப்பாட்டு மேஜையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதே எனக்குப் போதுமான பயமாக இருந்தது. இதைப் பார்க்கும்போது நடுவில் ஒருவன் ஜோக்கடித்தாலும் படம் செத்துவிடும். அப்படிப்பட்ட நண்பர் ஒருவராவது கட்டாயம் இருப்பார், அவர் தூங்கிய பிறகு போடுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரம் 2009. அறிவழகன் இயக்கியது, மனோஜ் பரமஹம்சா ஒளிப்பதிவு. பழைய பாணிப் பழிவாங்கும் பேய்தான், ஆனால் அது தண்ணீராக வருகிறது. படம் முழுக்க மேகம் கவிந்த வெளிச்சம், தரையெல்லாம் ஈரம். ஐப்பசி மழை கொட்டுகிற ராத்திரியில், மொட்டை மாடியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும் சத்தத்தோடு பார்த்தால் அதன் மதிப்பே வேறு. பீட்சா, 2012. அந்த டார்ச் லைட் பங்களாவைப் பற்றி இனி நான் சொல்ல எதுவுமில்லை, பார்க்காத நண்பர் இருந்தால் அவருக்கு அருகில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். மிஷ்கினின் பிசாசு, 2014, பயமுறுத்தாது. வயலின் வாசிக்கிற பையன், விபத்தில் அவன் கையைப் பிடித்தபடி உயிர்விட்ட பெண், அவன் குடித்தால் பொறுக்காத பேய் என்று கடைசியில் அழ வைத்துவிடும். அவள், 2017. சித்தார்த்தும் ஆண்ட்ரியாவும் நடித்தது, நிஜமாகவே நடுக்கம் தரும், ஆனால் அம்மா எழுந்து போன பிறகு பார்க்க வேண்டியது. நேரம் குறைவென்றால் நயன்தாராவின் கனெக்ட் 99 நிமிடம்தான். இடைவேளையே இல்லாமல் எடுத்தார்கள். ஊரடங்குக் காலத்தில் வீடியோ கால் வழியாகப் பேயோட்டுகிற கதை. யோசனை பிரமாதம், படம் அவ்வளவு இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த சப்தமும் அதே ரகம், சத்தத்தாலேயே கொல்கிற பேய். கதை பாதியில் குழம்பினாலும் நல்ல ஹெட்போனில் முதல் ஒரு மணி நேரம் தேறும்.

ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று பார்ப்பதாக இருந்தால், ஹாலோவீன் ராத்திரிக்கு ஹாலோவீன் என்ற பெயரிலேயே இருக்கும் 1978ஆம் வருஷத்துப் படம். ஜான் கார்பென்டர் சுமார் மூன்று லட்சம் டாலரில் எடுத்து, இசையையும் தானே போட்டார். ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கர்க் முகமூடி ஒன்றைக் கடையில் வாங்கி வெள்ளையடித்துக் கொலைகாரனுக்கு மாட்டினார்கள். அந்த முகத்தில் எதுவுமே இல்லை, அதுதான் விஷயம். ஆறு வயசில் அக்காவைக் கொன்றவன், பதினைந்து வருஷம் கழித்துத் தப்பி வந்து, சம்பந்தமில்லாத பெண்களைத் தேடிக் கொல்கிறான். ஏன்? படம் சொல்லாது. 1981இல் எடுத்த இரண்டாம் பாகத்தில் அந்தக் கதாநாயகி அவன் தங்கைதான் என்று காரணம் கற்பித்தார்கள். அதோடு பாதி பயம் ஆவியாயிற்று. 2018இல் மறுபடி எடுத்தபோது அந்த உறவை ஓசைப்படாமல் தூக்கிவிட்டார்கள் என்றால், இடையில் வந்த படங்கள் எவ்வளவு பாடம் நடத்தியிருக்கும் பாருங்கள். எக்ஸார்சிஸ்ட்டும் (1973) இதே ஜாதி. அத்தனை குழந்தைகள் இருக்க அந்த ஒரு பெண்ணை ஏன் பிடித்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. கொரியப் படம் பரவாயில்லை என்றால் 2016இல் வந்த ட்ரெயின் டு பூசான், ஓடும் ரயிலுக்குள் ஜாம்பி. ஜங்ஷனில் ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கிற காட்பாடியில் அதற்குத் தனி எஃபெக்ட் வேண்டியதில்லை.

நடைமுறை விஷயம் இரண்டு. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பேய்ப்படம் பார்க்காதீர்கள், வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டி, அடுத்த நிமிடமே அலறலுக்குக் குறைத்து, ரிமோட்டோடு மல்லுக்கட்டியே படம் முடிந்துவிடும். ஒரு சுமாரான வெளி ஸ்பீக்கரை உட்காரும் இடத்துக்குப் பின்னால் வைத்தாலே போதும். அப்புறம் சாப்பாடு. ஆம்பூர் பிரியாணியையும் கத்தரிக்காயையும் வயிறு முட்டக் கட்டிவிட்டு இருட்டில் உட்கார்ந்தால் எந்தப் பேயாலும் உங்களை எழுப்ப முடியாது. பிரியாணியை முதல் படத்துக்கு முன்னால் முடித்துவிட்டு, இரண்டாவதுக்குச் சுண்டலோடு நிறுத்துங்கள். எந்தப் படம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால் முந்தின நாளே தேடி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, வரப்போகிறவை. இதில் முதல் விஷயமே உங்கள் திட்டத்தைக் கலைக்கக்கூடியது. அதே அக்டோபர் 31 அன்று டீயஸ் ஈரே என்ற மலையாளப் படம் தியேட்டருக்கு வருகிறது. பூதகாலமும், 2024இல் மம்மூட்டியைக் கறுப்பு வெள்ளையில் கொடுமோன் போற்றியாக உட்கார வைத்த பிரமயுகமும் எடுத்த அதே ராகுல் சதாசிவன். இந்த முறை பிரணவ் மோகன்லால். இன்று தென்னிந்தியாவில் பேய்ப்படத்தை வேறு எதையும் கலக்காமல் எடுக்கிற ஆள் இவர்தான் என்பேன். படத்தின் பெயர் கத்தோலிக்கரின் பழைய இரங்கல் பாட்டு ஒன்றின் பெயர். இறந்தோருக்கான பூசையில் பாடி வந்தது. ஹாலோவீன் என்பதே நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாளுக்கு முந்தின இரவு. அடுத்த நாள் நவம்பர் 2 கல்லறைத் திருநாள், நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்த மூன்று நாளுக்குள் இப்படி ஒரு படத்தை இறக்குவது கெட்டிக்காரத்தனம். ஆஸ்பத்திரியும் கல்லூரியும் சேர்ந்து வேலூரில் மலையாளம் பேசுகிறவர்களைக் குவித்து வைத்திருப்பதால் இங்கேயும் காட்சி கிடைக்க வாய்ப்பு உண்டு, டிக்கெட் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், கடைசிக் காட்சிக்குப் போங்கள். பகல் காட்சியில் நான் போன ஒரு தியேட்டரில் பாப்கார்ன் வாங்கப் போகிறவர்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் பேய் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

நவம்பர் 7 அன்று நெட்பிளிக்ஸில் கியர்மோ டெல் டோரோவின் ஃபிராங்கன்ஸ்டைன். மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவல். படைத்தவன் கைவிட்ட உயிர் என்பதால் இங்கே பயத்தைவிடப் பரிதாபம் அதிகம் இருக்கும், அந்த மனிதரின் மற்றப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நவம்பர் கடைசியில் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் கடைசி சீசன் தொடங்குகிறது, தங்கை ஏற்கெனவே நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். 2026 ஜனவரி 16க்கு 28 இயர்ஸ் லேட்டர் வரிசையில் அடுத்த படம், தி போன் டெம்பிள். பிப்ரவரி 27க்கு ஸ்க்ரீம் 7, நெவ் கேம்ப்பெல் திரும்பி வருகிறார். ஏழாவது பாகம் என்பதால் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பில்லை.

தமிழில் டிமான்ட்டி காலனி 3 வேலை நடக்கிறது, அதே இயக்குநர், அதே அருள்நிதி. காஞ்சனா 4உம் தயாராகிறது, அதைப் பற்றி மேலேயே பேசியாயிற்று. எனக்கு நிஜமான ஏக்கம் மிஷ்கினின் பிசாசு 2 மேல்தான். ஆண்ட்ரியா நடித்து எடுத்து முடித்த படம், வருஷக்கணக்காக வெளிவராமல் கிடக்கிறது. இன்னொன்று யாரும் எடுக்கவே தொடங்காத படம். 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்து, சுமார் நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட வைத்தான். அந்தக் கோட்டையில் நாம் அகழியைப் பார்த்துக்கொண்டு சுண்டல் தின்கிறோம். நல்ல இயக்குநர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று அடிக்கடி நினைப்பதுண்டு. பாட்டுக்காரக் கதாநாயகி, நாலு காமெடியன் எல்லாம் சேர்த்துக் கெடுப்பதாக இருந்தால் எடுக்காமல் இருப்பதே மேல்.

அம்மாவை ஒரு நாள் தியேட்டருக்கும் கூட்டிப்போக வேண்டும் என்றால் ஜனவரி 9 வரை பொறுங்கள், பிரபாஸின் ராஜா சாப் வருகிறது. பேயும் சிரிப்பும் கலந்த படம், பொங்கல் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்க அது போதும். டீயஸ் ஈரே டிக்கெட் கிடைத்தால் மட்டும் 31ஆம் தேதித் திட்டத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுங்கள், யாவரும் நலம் எங்கேயும் ஓடிப்போகாது.